மேலே போன பிஸ்டன் நிற்கிறதா?

"பிஸ்டன் எஞ்சின் எண்டது ஒரு மொக்கு மிசின். ஒரு சுற்றுக்கு ரெண்டு தரம் பிஸ்டனை நிப்பாட்டித் திரும்ப ஓட வைக்குது. அடிக்கிற பெற்றோலில பாதி அதுக்குத்தான் போகுது." மின்சார ஸ்கூட்டர்கள் யாழ்ப்பாணத் தெருக்களில் ஓடத் தொடங்கிய பிறகு இந்தக் கருத்தைப் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். தேநீர்க் கடையில் யாரோ சொன்னால் கேட்டுவிட்டுப் போய்விடலாம். ஆனால் என்னிடம் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் படிக்கும் பையன் ஒருவன் வகுப்பு முடிந்த பிறகு நின்று கேட்டபோது அப்படிப் போக முடியவில்லை. அவன் அதை ஒழுங்கான கேள்வியாகவே கேட்டான். "எளிமை இசை இயக்கத்தில முனையில வேகம் பூச்சியம் எண்டு நீங்கள்தானே ரீச்சர் படிப்பிச்சனீங்கள். அப்ப பிஸ்டன் மேல போய் நிக்குதுதானே. நிண்டால் அதில இருந்த சக்தி எங்க போனது?"

வேகம் பூச்சியமாவது ஒரு கணம் மட்டும், ஆர்முடுகல் அங்கேதான் உச்சம் என்று பாடப்புத்தகம் சொல்லும் பதிலைச் சொன்னேன். தலையாட்டினான். ஆனால் அது விளங்கியவனின் தலையாட்டல் இல்லை. எனக்கும் அந்தப் பதில் போதவில்லை. அவன் கேட்டதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடந்தன. பிஸ்டன் நிற்கிறதா என்பது ஒன்று. நின்றால் நட்டமா என்பது மற்றது. நான் முதலாவதுக்கு அரைப் பதிலும் இரண்டாவதுக்குப் பதிலே இல்லாமலும் அவனை அனுப்பியிருந்தேன். அதோடு, இது எங்கோ தூரத்து மிசினைப் பற்றிய பேச்சும் இல்லை. வருடம் முழுக்க ஓடும் ஆறு ஒன்றும் இல்லாத குடாநாடு இது. சுண்ணாம்புக்கல்லுக்குள் கிடக்கும் தண்ணீரைக் கிணற்றில் இருந்து இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்தன. மின்சார மோட்டார் போகாத தோட்டங்களில் அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது ஒரேயொரு பிஸ்டன் கொண்ட சின்ன எஞ்சின்தான். அதை மொக்கு என்று சொல்வதாக இருந்தால் கணக்குப் பார்த்துவிட்டுத்தான் சொல்லவேண்டும்.

ஸ்போக் கம்பி வைத்துப் பார்த்தால்

சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிய எஞ்சின் ஒன்றில் பிஸ்டன் தலைமேல் ஒரு சைக்கிள் ஸ்போக்கை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, பிளைவீல் என்ற பாரமான சுழல்சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினால், யாருக்கும் முதலில் வரும் எண்ணம் பையனுடைய எண்ணம்தான். நடுவில் கம்பி விறுவிறுவென்று ஏறும். உச்சிக்குக் கிட்டப் போகப் போகச் சோம்பும். உச்சியில் பிளைவீல் சுற்றிக்கொண்டிருக்க, கம்பி அசையாமல் நிற்பதுபோலவே இருக்கும். டைமிங் வைக்கும், அதாவது பொறி விழும் நேரத்தைச் சரிசெய்யும் மெக்கானிக்குகளுக்கு இது நன்றாகத் தெரியும். உச்சியைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது என்பதால்தான், கம்பி 5 மில்லிமீற்றர் இறங்கும் இடத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பிளைவீலில் கீறி, இரண்டு கீறலுக்கும் நடுவை உச்சி என்று எடுப்பார்கள்.

இங்கே தோட்டங்களில் பரவலாக இருக்கும் 163 சிசி மிசினையே எடுத்துக்கொள்வோம். பிஸ்டன் விட்டம் 68 மில்லிமீற்றர். ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் உச்சியில் இருந்து அடிக்கு ஓடும் தூரம், 45 மில்லிமீற்றர். ஆகவே பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் கிராங்கின் ஆரை அதில் பாதி, 22.5. பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டான கொன்றொட் அந்த ஆரையைப்போல நாலு மடங்கு நீளம் என்று கணக்குக்காக வைக்கிறேன். பெரும்பாலான எஞ்சின்களில் இந்த விகிதம் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், அல்லது நாலை ஒட்டித்தான் இருக்கும். சுற்று நிமிடத்துக்கு 3600. அதாவது செக்கனுக்கு 60 சுற்று. உச்சிக்கு 10 பாகை முன்னால் தொடங்கி 10 பாகை பின்னால் வரைக்கும், மொத்தம் 20 பாகை கிராங்க் திரும்பும்போது பிஸ்டன் உச்சியில் இருந்து 0.43 மில்லிமீற்றருக்கு மேல் விலகுவதில்லை. அதே 20 பாகையை நடுவழியில் எடுத்தால் 8 மில்லிமீற்றர் ஓடிவிடும். இரண்டுக்கும் எடுக்கும் நேரம் ஒன்றேதான், ஒரு செக்கனில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. கண் ஏமாறுவதில் வியப்பில்லை.

ஆனால் மேசையில் கிடக்கும் பிஸ்டனும் உச்சியில் இருக்கும் பிஸ்டனும் ஒன்றல்ல. மேசையில் இருப்பதற்கு வேகமும் பூச்சியம், ஆர்முடுகலும் பூச்சியம். உச்சியில் இருப்பதற்கு வேகம் மட்டுமே பூச்சியம். அந்தக் கணத்தில் அதன் ஆர்முடுகல், மேலே சொன்ன எண்களைப் போட்டால், செக்கன் வர்க்கத்துக்கு 4000 மீற்றர் வரும். புவியீர்ப்பைப்போல 400 மடங்கு. பிஸ்டனும், அதைச் சுற்றியுள்ள ரிங்குகளும், அதைக் கொன்றொட்டோடு கோக்கும் பின்னும் சேர்ந்து 200 கிராம் என்று வைத்தால், அதைக் கீழே இழுக்க 800 நியூற்றன் வேண்டும். 80 கிலோ எடையுள்ள ஆள் ஒருவர் அந்தப் பிஸ்டனைப் பிடித்துத் தொங்கினால் வரும் இழுவை அது. வேகம் பூச்சியமாகும் அந்தக் கணத்தில்தான் முழுச் சுற்றிலும் மிகப் பெரிய இந்த இழுவை இருக்கிறது. ஓய்வு என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. கிராங்க் எவ்வளவு சிறிய கோணம் திரும்பினாலும் பிஸ்டன் அதற்குரிய அளவு நகர்ந்தே ஆகவேண்டும். எவ்வளவு சிறிய நேரத்துண்டை எடுத்தாலும் அதற்குள் பிஸ்டன் ஒரே இடத்தில் தங்கியிருக்காது.

சக்தி எங்கே போகிறது

சரி, தங்கவில்லை. ஆனாலும் வேகம் பூச்சியமாகிறது, அதோடு இயக்க சக்தியும் பூச்சியமாகிறது. பையனின் இரண்டாவது கேள்வி அப்படியே நிற்கிறது.

நடுவழியில் பிஸ்டனின் உச்ச வேகம் செக்கனுக்கு 8.7 மீற்றர் அளவு. 200 கிராம் திணிவுக்கு 7.6 யூல் சக்தி. மேலேயும் கீழேயுமாகச் செக்கனுக்கு 120 தரம் இது பூச்சியமாகிறது. ஒவ்வொரு தரமும் இது வீணானால் நட்டம் 900 வாற்றுக்கும் மேல். இந்த மிசின் தண்டில் தரும் வலுவே 4 கிலோவாற்றுக்குக் குறைவு. அதில் நாலில் ஒரு பங்கு! பையனின் சந்தேகம் சின்னச் சந்தேகமில்லை. ஆனால் வீணான சக்தி மாயமாகிவிடாது, அது வெப்பமாக வெளிவர வேண்டும். வெளிவருவதற்கு இருக்கும் இடங்கள் பிஸ்டன் பின், கொன்றொட்டின் இரண்டு துளைகள், கொன்றொட்டின் கீழ்முனை கோக்கப்பட்டிருக்கும் கிராங்க் பின் ஆகியவைதான். எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான்கள். அவற்றுக்குள் 900 வாற் வெப்பத்தை ஊற்றினால் சில நிமிடங்களில் எண்ணெய் கருகி மிசின் இறுகிவிடும். தோட்டத்தில் காலை முழுக்க ஓடும் மிசின் இறுகுவதில்லை.

அப்படியானால் சக்தி எங்கே போகிறது? பிஸ்டன் மேலே ஏறும்போது கிராங்க் அதை ஓரிடத்தில் நிறுத்த முயல்கிறது, பிஸ்டனோ இன்னும் மேலே போகப் பார்க்கிறது. அந்த முயற்சியில் அது கொன்றொட்டை மேலே இழுக்கிறது, கொன்றொட் கிராங்க் பின்னை இழுக்கிறது. கிராங்க் பின்னும் அந்த நேரத்தில் உச்சியை நோக்கித்தான் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே பிஸ்டன் தன் வேகத்தை இழக்கும்போது பிளைவீலை முன்னே தள்ளிவிடுகிறது. பிஸ்டன் மெதுவாக, பிளைவீல் ஒரு துளி வேகமாகிறது. உச்சியைத் தாண்டியதும் பிளைவீல் அதே சக்தியைத் திருப்பிக் கொடுத்துப் பிஸ்டனைக் கீழே இழுக்கிறது, தான் ஒரு துளி மெதுவாகிறது. உராய்வைத் தவிர இந்தக் கொடுக்கல் வாங்கலில் எதுவும் குறைவதில்லை.

நின்றால் நட்டம் என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்றும் யோசித்தேன். எங்கள் உடம்பில் இருந்துதான் வருகிறது. துலா மிதித்தவர்களைப் பார்த்த தலைமுறை இன்னும் இருக்கிறது. ஒருவர் கிணற்றடியில் பட்டை பிடிப்பார், மற்றவர் துலாவின் மேல் முன்னும் பின்னுமாக நடப்பார். ஒவ்வொரு முனையிலும் அவர் தன் உடம்பை நிறுத்தித் திருப்பவேண்டும். நிறுத்துவதும் அவருடைய தசைதான், திருப்பி ஓட வைப்பதும் அவருடைய தசைதான். நிறுத்தும்போது போன சக்தியில் பெரும்பகுதியைத் தசை சேமித்து வைத்துத் திருப்பித் தராது, அது வியர்வையாகப் போய்விடும். சைக்கிள் பிரேக்கும் அப்படித்தான். எங்களுக்குத் தெரிந்த நிறுத்தம் எல்லாம் நட்டமான நிறுத்தம். கிராங்க் நிறுத்துவது அந்த வகை இல்லை.

இதற்குக் கையில் பிடித்துக் காட்டக்கூடிய சாட்சி ஒன்றும் இருக்கிறது. முன்னும் பின்னும் ஓடாமல் சுற்றிக்கொண்டே இருக்கும் எஞ்சினை ஜெர்மனியில் ஃபெலிக்ஸ் வாங்கல் உருவாக்கினார். 1957இல் அதன் முதல் மாதிரி ஓடியது, 1967இல் ஜப்பானின் மஸ்டா அதைப் போட்டுக் கார் விற்கத் தொடங்கியது. நின்று திரும்புவதில்தான் பாதிப் பெற்றோல் போகிறது என்றால், அந்தக் கார் மற்றக் கார்களைவிடப் பாதி எரிபொருளில் ஓடியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. அது கூடக் குடித்தது. அகன்று தட்டையான எரியறையில் வெப்பம் சுவருக்குப் போய்விட்டது, முனைகளில் இருக்கும் சீல்களால் வாயு கசிந்தது. பெற்றோல் எஞ்சினில் சக்தி உண்மையில் போகும் இடமும் அதுதான். புகைக்குழாய் வழியாகவும் குளிர்விக்கும் காற்று அல்லது தண்ணீர் வழியாகவும் வெப்பமாகவே போகிறது. வெப்பத்தில் ஓடும் எந்த மிசினுக்கும் இந்த இழப்பில் ஒரு பங்கு தவிர்க்கவே முடியாதது என்று சாடி கார்னோ 1824இலேயே காட்டிவிட்டார். மின்சார ஸ்கூட்டருக்கு இந்தத் தளை இல்லை. அது சிக்கனமாக ஓடுவதன் காரணமும் அதுவே.

"இழுத்து உடைஞ்சது"

இவ்வளவையும் நான் கடதாசியில் எழுதி முடித்திருந்தேன். ஆனால் அந்த 800 நியூற்றன் எனக்கு இன்னும் ஒரு எண்ணாகத்தான் இருந்தது. அதைப் பொருளாகக் கண்டது கொக்குவிலில் ஒரு கராஜின் சிமெந்துத் தரையில்.

என் தம்பி கோண்டாவிலில் தோட்டம் செய்கிறான். வெங்காயத்துக்கு இறைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில் கிணற்றுக்குள் இறக்கிய குழாயின் அடியில் இருக்கும் புட்வால்வ் காற்று இழுத்து, பம்பில் தண்ணீர் அறுந்தது. பாரம் இல்லாமல் போன மிசின் ஒரு சத்தத்தோடு கதறி எழும்பியது. அவன் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் உள்ளே ஏதோ முறிந்து கிராங்க்கேசில் ஓட்டை விழுந்துவிட்டது. பாரம் போனால் சுற்று ஏறாமல் பிடிப்பதற்குத்தான் கவர்னர் இருக்கிறது. உள்ளே சுழலும் சின்னப் பாரங்கள் விரிந்து திரொட்டிலை மூடும். முன்னொரு முறை திருத்தக் கொடுத்த இடத்தில், தண்ணீர் கூட வரட்டும் என்று யாரோ அந்தக் கவர்னர் கையைக் கட்டுக்கம்பியால் இறுக்கி விட்டிருந்தார்கள். மிசினை ஏற்றிக்கொண்டு போனபோது நானும் கூடப் போனேன்.

கராஜ்காரர் வயதானவர். எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிடுவார்கள். சாமான்களை ஒவ்வொன்றாகக் கழுவி ஒரு சாக்கின் மேல் அடுக்கினார். பிஸ்டன் முழுசாக இருந்தது. கொன்றொட்டின் நடுத்தண்டு வளையவில்லை. கிராங்க் பின்னைச் சுற்றிப் பிடிக்கும் பிக் எண்டின் கீழ்மூடிதான் இரண்டாகக் கிடந்தது, ஒரு போல்ட் நீண்டு அறுந்திருந்தது. "வெடி பலமா விழுந்து உடைச்சிட்டுதோ அண்ணை?" என்று தம்பி கேட்டான். அவர் மூடியின் ஒரு துண்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "பாருங்கோ ரீச்சர். இது தள்ளி உடைஞ்சதில்லை, இழுத்து உடைஞ்சது."

அந்த ஒரு வசனத்தில் என் கடதாசி முழுக்க இருந்தது. எரியும் வாயு பிஸ்டனைத் தள்ளும்போது வரும் விசை சின்னதல்ல. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தின் 30 மடங்கு என்று எடுத்தால், 68 மில்லிமீற்றர் விட்டத்துக்கு அது ஒரு தொன்னுக்கு மேலே வரும். இழுவையோ அதில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஆனால் தள்ளும் விசை கொன்றொட்டின் தடித்த நடுத்தண்டு வழியாக, பிக் எண்டின் மேற்பாதி வழியாக நேரே கிராங்க் பின்னுக்குப் போய்விடுகிறது. கீழ்மூடிக்கு அதில் வேலையே இல்லை. பிஸ்டன் மேலே பறக்கப் பார்க்கும்போது அதைப் பிடித்துக் கீழே கொண்டுவருவது மட்டுமே அந்த மூடியின் வேலை. அதைத் தாங்குவது இரண்டு மெல்லிய போல்ட்டுகள். அமுக்க ஸ்ட்ரோக்கின் முடிவில் உள்ளே அடைபட்ட வாயுவே பிஸ்டனைக் கீழே தள்ளிக் கொஞ்சம் உதவும். புகை வெளியேறும் ஸ்ட்ரோக்கின் உச்சியில் வால்வு திறந்திருக்கும், உதவிக்கு யாருமில்லை. ஆகவே மூடியும் போல்ட்டும் அதிகம் கஷ்டப்படுவது வெடி விழும்போது அல்ல. ஒன்றுமே எரியாத, எஞ்சின் சும்மா மூச்சு விடுகிற உச்சியில்தான். நாலு ஸ்ட்ரோக் மிசினில் அது செக்கனுக்கு 30 தரம் வரும், ஒரு மணித்தியாலத்துக்கு 108,000 தரம்.

அண்ணை முறிந்த முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிக் காட்டினார். ஒரு ஓரம் மழமழவென்று மினுங்கியது, மிச்சம் உடைந்த கற்கண்டு போலக் கரடாக இருந்தது. மினுங்கிய பகுதியில் வெடிப்பு முதலே இருந்திருக்கிறது. ஒவ்வொரு இழுவைக்கும் அது துளித்துளியாக வளர்ந்து, இரண்டு முகமும் உரசி மெருகேறியிருந்தது. கரடான பகுதி அன்றைக்குக் காலையில் ஒரேயடியாக அறுந்தது. கவர்னர் கட்டப்பட்ட நாளில் இருந்தே மிசின் அதற்கென்று வைத்த சுற்றுக்கு மேலேதான் ஓடியிருக்கிறது. இழுவை சுற்றின் வர்க்கத்தோடு ஏறும். 3600இல் 800 நியூற்றன் என்றால் 5000இல் கிட்டத்தட்ட இரட்டிப்பு, 6000இல் 2200 நியூற்றனையும் தாண்டும். பாரம் அறுந்த அன்று அது எவ்வளவு சுற்றுக்குப் போனதோ! தண்ணீர் கொஞ்சம் கூட வருவதற்காகக் கட்டிய கம்பி, கீழ்மூடியை இரண்டு பங்கு பலமாக இழுத்துக்கொண்டிருந்தது என்று அதைக் கட்டியவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கு அதில் கோபம் உண்டு. இது வகுப்பறையில் நாங்கள் வருடா வருடம் கரும்பலகையில் எழுதும் சமன்பாடு. அது கராஜ் வரைக்கும் போகவே இல்லை. அண்ணையோ அந்தச் சமன்பாட்டைப் பார்க்காமலே முறிந்த முகத்தில் இருந்து வாசித்தார்.

உச்சியும் அடியும் ஒன்றல்ல

பையனுக்கு நான் சொல்லாமல் விட்ட இன்னொன்று உண்டு. பிஸ்டனின் ஓட்டம் உண்மையான எளிமை இசை இயக்கம் இல்லை. கொன்றொட் முடிவில்லாத நீளமாக இருந்தால் அப்படி இருந்திருக்கும். அது சாய்ந்து சாய்ந்து நிமிர்வதால் எல்லாம் கொஞ்சம் கோணுகிறது. கிராங்க் உச்சியில் இருந்து சரியாக 90 பாகை திரும்பியபோது பிஸ்டன் நடுவில் இருக்கும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். கணக்குப் போட்டால் 22.5 மில்லிமீற்றர் இறங்கவேண்டிய இடத்தில் 25.4 இறங்கியிருக்கும். நடுவை அது 83 பாகைக்குள்ளேயே கடந்துவிடுகிறது. மேற்பாதியை அவசரமாகவும் கீழ்ப்பாதியை ஆறுதலாகவும் ஓடுகிறது. ஆகவே உச்சியில் திரும்புவது கடுமை, அடியில் திரும்புவது மென்மை. உச்சியில் 4000 என்ற ஆர்முடுகல் அடியில் 2400தான்.

இந்தச் சின்னக் கோணல் யாழ்ப்பாணத்தின் பழைய கார்களில் கையால் தொட்டுணரக்கூடியது. ஒஸ்டின் ஏ40 கார் ஒன்றின் பொனற்றில் கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். நாலு பிஸ்டனில் இரண்டு மேலே போக இரண்டு கீழே வருகின்றன, ஒன்றையொன்று சமப்படுத்திவிட வேண்டும்தானே? முழுதாகச் சமப்படாது. மேலே இருக்கும் இரண்டும் இழுக்கும் விசை கீழே இருக்கும் இரண்டையும்விடக் கூட. அந்த மிச்சம் ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் எஞ்சினை மேலும் கீழும் உலுக்கும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடினால் செக்கனுக்கு 100 அதிர்வு. இங்கிலாந்தின் ஃபிரெடெரிக் லான்செஸ்டர் இதற்கு ஒரு மருந்து கண்டுபிடித்தார். கிராங்கைவிட இரண்டு மடங்கு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சமனில்லாத் தண்டுகள். 1970களில் மிட்சுபிஷி அதைத் தூசி தட்டி எடுத்துப் பெயர் வாங்கியது. ஏ40க்கு அதெல்லாம் இல்லை. விட்டம் 65.5 மில்லிமீற்றர், ஸ்ட்ரோக் 89. ஏன் இவ்வளவு ஒல்லியும் நெட்டையும் என்றால், இங்கிலாந்தில் நெடுங்காலமாகக் கார் வரியைச் சிலிண்டரின் விட்டத்தையும் எண்ணிக்கையையும் மட்டும் வைத்துக் கணக்கிட்டார்கள், ஸ்ட்ரோக்குக்கு வரி இல்லை. 1940களின் இறுதியில் அந்த வரி போனது, ஆனால் அந்தப் பழக்கத்தில் வார்க்கப்பட்ட எஞ்சின்கள் கடல் கடந்து எங்கள் கல்யாண வீடுகளுக்கு ஓடின. நெட்டை ஸ்ட்ரோக் என்றால் அதே சுற்றுக்குப் பிஸ்டன் கூடத் தூரம் ஓடவேண்டும், கூட இழுவை. அந்த எஞ்சின்களை 4000 சுற்றுக்கு மேல் மிதிக்கக்கூடாது என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது.

மண்ணெண்ணெய்க் காலம்

உச்சியில் பிஸ்டன் என்ன செய்கிறது என்பதைக் குடாநாடு காதால் கற்றுக்கொண்ட ஒரு காலமும் உண்டு. 1990இல் பொருளாதாரத் தடை வந்த பிறகு பெற்றோல் என்பது போத்தலில் துளித்துளியாகப் பார்க்கும் பொருளானது. காரும் மோட்டார் சைக்கிளும் சில துளி பெற்றோலில் கிளம்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாறின. மாறியதும் எஞ்சின் தட்டத் தொடங்கும். ஏற்றத்தில் இன்னும் கூடத் தட்டும்.

அந்தத் தட்டல் ஏன் கேடு என்பதற்கும் இதே வடிவியல்தான் காரணம். உச்சியில் கொன்றொட்டும் கிராங்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றன. அந்தக் கணத்தில் மேலிருந்து எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் கிராங்க் திரும்பாது, தள்ளல் முழுவதும் பெயரிங்குகளில் விழும். 163 சிசி மிசினில் உச்சி தாண்டி 5 பாகையில் அந்தத் தள்ளலுக்குக் கிடைக்கும் நெம்புகோல் நீளம் 2.4 மில்லிமீற்றர்தான். 15 பாகையில் 7.2. 77 பாகைக்குக் கிட்டத்தான் அது 23ஐத் தொடும், ஆனால் அதற்குள் வாயு விரிந்து அழுத்தம் போய்விட்டிருக்கும். ஆகவே அழுத்தத்தின் உச்சம் பிஸ்டன் உச்சியைத் தாண்டிக் கொஞ்சத்தில், 10, 15 பாகை அளவில் வந்தால் நல்லது. பெற்றோல் எரிந்து முடிய நேரம் எடுப்பதால் பொறியை 20 பாகை அளவு முன்னதாகவே அடிக்கிறோம். மண்ணெண்ணெய் அப்படிப் பொறுமையாக எரியாது. சுவாலை போய்ச் சேரும் முன்பே மிச்சக் கலவை தானாக வெடித்துவிடும். உச்சி தாண்டும் முன்போ உச்சியிலேயோ அழுத்தம் எகிறினால், மேலே வந்துகொண்டிருக்கும் பிஸ்டனை அது எதிர்த்து அடிக்கிறது. அந்த நாட்களில் டைமிங்கைப் பின்தள்ளியும், ஹெட்டுக்கு அடியில் வைக்கும் காஸ்கெற்றைத் தடிப்பாக்கி அமுக்கத்தைக் குறைத்தும் எஞ்சின்களைக் காப்பாற்றிய கைகள், ஒரு பாகை முன்பின் என்ன செய்யும் என்பதைத் தெரிந்தே வேலை செய்தன.

சிலிண்டரின் மேல் விளிம்பில்

அடுத்த வகுப்பில் இதையெல்லாம் பையனுக்குச் சொன்னேன். சக்தி பிளைவீலுக்குப் போய்த் திரும்புகிறது என்பதை அவனே சமன்பாட்டில் எழுதிக் காட்டினான். ஆனால் விடவில்லை. "அப்ப வேகம் பூச்சியமாகிறதால ஒரு நட்டமும் இல்லையோ ரீச்சர்?"

உண்டு. அதையும் அண்ணையின் கராஜில்தான் காட்டினேன். ரீபோருக்கு, அதாவது உள்விட்டத்தைப் பெரிதாகக் கடைவதற்கு வந்திருந்த ஏ40 சிலிண்டர் ஒன்றின் உள்ளே, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து இழுத்தால் ஒரு படி தட்டுப்படும். பிஸ்டன் ரிங் சுவரில் ஓடும்போது அதற்கும் சுவருக்கும் நடுவில் எண்ணெய் ஒரு மெல்லிய படலமாக நிற்கும். அந்தப் படலத்தை நிமிர்த்தி வைத்திருப்பது ஓடும் வேகம்தான். உச்சியில் வேகம் பூச்சியமாகும்போது படலம் அமிழ்ந்து உலோகத்தில் உலோகம் படுகிறது. வெப்பமும் அங்கேதான் அதிகம், எரிந்த வாயு ரிங்கின் பின்னால் புகுந்து அதைச் சுவரோடு அழுத்துவதும் அங்கேதான். அடியிலும் வேகம் பூச்சியமாகிறது, ஆனால் அங்கே வெப்பமும் அழுத்தமும் குறைவு, எண்ணெய் தாராளம், தேய்வும் குறைவு. மேல் ரிங் திரும்பும் இடம் குழிந்து, ரிங் எட்டாத மேல் விளிம்பு தேயாமல் நிற்க, நகத்தில் தட்டும் படி உண்டாகிறது.

காசு மிச்சம் பிடிக்க ரிங் மட்டும் மாற்றச் சொல்லி வருகிறவர்களிடம் அண்ணை முதலில் இந்தப் படியைத்தான் தொட்டுப் பார்க்கச் சொல்வார். பழைய ரிங்கின் முனை அந்தப் படியோடு சேர்ந்தே மழுங்கியிருக்கும். கூர் விளிம்போடு வரும் புது ரிங் அதில் போய் மோதினால் முறியும். ஆகவே படியை வெட்டி எடுக்கவேண்டும், அல்லது போர் அடித்து 20 தவ், 40 தவ் பெரிய பிஸ்டன் போடவேண்டும். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எது தேவை என்று தீர்மானிக்கச் சிலிண்டரை மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்திலும், ஒவ்வோர் இடத்திலும் நீளவாக்கிலும் குறுக்காகவும் அளக்கிறார். குறுக்காக ஏன் என்று பையன் கேட்டான். கொன்றொட் சாய்ந்து தள்ளும்போது பிஸ்டன் ஒரு பக்கச் சுவரில் சாய்கிறது, சிலிண்டர் வட்டமாகத் தேயாமல் முட்டை வடிவில் தேய்கிறது. அந்தப் பக்கத் தள்ளல் எந்தப் பாகையில் உச்சம் என்று கண்டுபிடித்து வரச் சொல்லி அவனை அனுப்பியிருக்கிறேன்.